மழைக்கு முந்திய வேளாண்மை

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் இக்கரையோரத்தில் வேளாண்மை என்னுஞ் சொல்லுக்கு நெல் என்பதே பொருள். பிற இடத்துத் தமிழர் உழவுத் தொழில் முழுவதையும் வேளாண்மை என்பர். நாமோ வேளாண்மை வெட்டியாயிற்று என்று சொன்னால், நெல் அறுத்தாயிற்று என்றே கேட்போர் கொள்வர். ஒரு தொழிலின் பெயரே ஒரு பயிரின் பெயராகிவிட்ட நாட்டில், அப்பயிரைப்பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவதை இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்கள் மிகையெனக் கொள்ளார் என்பது என் துணிபு. நம்மிற் பலர் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் ஆனதற்குப் பின்னால் ஒரு வயல் இருந்தது. அவ்வயல் இன்று எவ்வாறிருக்கின்றது என்பதே இங்கு நான் எழுப்பும் வினா.

இப்பகுதி வயல்கள் இருவகைப்படும். ஆற்றுநீரும் குளத்துநீரும் வாய்க்கால் வழியே வந்து பாய்வன ஒருவகை. வானம் பொழிவதையே நம்பிக் கிடப்பன மற்றொரு வகை. பின்னதையே மானாவாரி என்கிறோம். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டும் கல்லோயாத் திட்டம் 1949ஆம் ஆண்டு தொடங்கிற்று. சேனாநாயக்க சமுத்திரத்து நீரால் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து வயல்கள் பலவற்றுக்கு இருபோகமும் விளையும் வாய்ப்புக் கிட்டியது. அந்நன்மையை மறுப்பார் இலர். ஆயினும் வாய்க்கால் எட்டாத வயல்கள் எட்டாதனவாகவே நின்றன. தெற்கே பொத்துவிற் பக்கத்திலும், வடக்கே மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் பெரும்போகம் ஒன்றையே நம்பி, அதனையும் மழையை நம்பி விதைக்கும் நிலம் இன்றும் மிகுதியாக உண்டு.

இந்நிலங்களைப்பற்றி ஊரில் வழங்கும் கருத்து ஒன்று: மானாவாரி விதைப்புச் சூதாட்டம், மழை தந்தால் உண்டு, தராவிட்டால் இல்லை என்பது. இவ்வெண்ணம் உடையவன் உழவையும் சூதாகவே ஆடுவான். கிடைத்த விதையைக் கிடைத்த நாளிற் கிடைத்தபடி வீசிவிட்டு வானத்தைப் பார்த்திருப்பான். நான் கூற விழைவது இதற்கு மாறானது. மானாவாரி வயலின் விளைவிற் பெரும்பங்கு, மழை வலுக்குமுன்னரே முடிவாகிவிடுகின்றது. மழைக்கு முன்னே செய்யப்படும் வேலைகளே அவ்வயலின் மெய்யான வேளாண்மை. அவை நடவாமைக்கு உழவனின் சோம்பலைக் காரணமாகக் காட்டுவது நியாயமாகாது. வயலையுடைய நாம் அவற்றுக்கு இடங்கொடாமையே பெருங்காரணம் என்பதை இறுதியிற் காட்டுவேன்.

முதலில் மழையைப் பார்ப்போம். நம் கரையோரத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி, அதாவது ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேற்பட்டது, ஒக்டோபர் முதல் சனவரி வரையுள்ள நான்கு மாதங்களில் விழுகின்றது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் நாலாயிரம் லீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீர் சேரும். எனவே பெரும்போகத்தில் ஒவ்வோர் ஏக்கரின்மீதும் நாற்பது இலட்சம் லீற்றர் நீரை வானம் இலவசமாக இறைக்கின்றது. நெற்பயிர் ஒன்றனை விளைவிக்க இது சாலும். ஆகவே நம் குறை மழையின் அளவில் இல்லை. அது வரும் நாளுக்கும் பயிர் வேண்டும் நாளுக்குமிடையே பொருத்தம் இல்லாமையே குறை.

இப்பொருத்தத்தைக் கணக்கிடுவது அரிதன்று. நெல் எவ்வினமாயினும் பூத்தபின் முற்றுவதற்கு ஏறத்தாழ முப்பது நாள் எடுக்கும். மூன்று மாத நெல்லுக்கும் நாலரை மாத நெல்லுக்கும் உள்ள வேறுபாடு, கதிர் கருக்கொள்ளுமுன் இலையும் கிளையுமாக வளரும் பருவத்திலேயே இருக்கின்றது. கதிர் கருக்கொள்ளும் நாளிலிருந்து பூக்கும் நாள் வரையிலேயே பயிர் நீர்க்குறையைச் சிறிதும் பொறாது. ஆதலின் மழை ஓயும் காலத்தை முதலில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் காணவேண்டும். மூன்றரை மாத நெல்லை ஐப்பசி முதல் வாரத்தில், ஒக்டோபர் 20ஆம் நாளளவில் விதைத்தால் அது சனவரித் தொடக்கத்திற் பூக்கும். பெப்ரவரித் தொடக்கத்தில் அறுவடையாகும். அதே நெல்லை ஒரு மாதம் பிந்தி விதைத்தால் பெப்ரவரி முதல் வாரத்திற் பூக்கும். மார்ச்சு மாதத்தில் முற்றும். அப்போது வாடை ஓய்ந்திருக்கும், வரம்பு வெடித்திருக்கும், கதிர் பால்பிடிக்காது சாவியாகும். பிந்தியவன் மழை ஏமாற்றிவிட்டது என்பான். மழை தன் காலத்தில் வந்து தன் காலத்திற் போயிற்று; நெல்லே காலந் தப்பிற்று.

பிந்தி விதைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் அடைமழை பெய்யும்போது முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கும் பயிருக்கு அந்நீர் உணவு. அப்போதுதான் முளைத்து நிற்கும் பயிருக்கு அதுவே கூற்று. 2011ஆம் ஆண்டு சனவரி, பெப்ரவரி மாதங்களிலும் 2024 நவம்பர் இறுதியிலும் வந்தவை போன்ற பெருவெள்ளங்களுக்கு எந்தப் பயிரும் தப்புவதில்லை என்பது மெய்யே. ஆனால் ஆண்டுதோறும் வரும் சாதாரண மாரி வெள்ளத்தில் முந்தி விதைத்த வயல் நிமிர்ந்து நிற்பதையும், பிந்தி விதைத்த வயல் அழுகிப்போவதையும் ஒரே வட்டையில் அடுத்தடுத்துக் காணலாம்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. மழைக்கு முன்னரே நிலத்தைப் புழுதிபட உழுது விதைக்கும் புழுதி விதைப்பை நம் முன்னோர் நன்கறிவர். அதன் சிறப்பை இக்காலத்து ஆராய்ச்சியும் உறுதிப்படுத்தியது. 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அநுராதபுர மாவட்டத்து வலகம்பாகு என்னுஞ் சிறு குளத்துக் கிராமத்தில் விவசாயத் திணைக்களத்தார் ஒரு சோதனை நடத்தினர். குளம் நிறையும்வரை காத்திருந்து, பின்னரே சேறாக்கி விதைப்பது அக்கிராமத்தார் வழக்கம். அதை மாற்றி, ஒக்டோபரின் முதல் மழையோடு வறண்ட நிலத்திலேயே உழுது, வயது குறைந்த நெல்லை விதைக்கச் செய்தனர். பெரும்போகப் பயிர் பெரும்பாலும் மழைநீரிலேயே விளைந்தது. குளத்தில் மிஞ்சிய நீர் அடுத்த போகத்துக்கு உதவிற்று. அங்கே குளமாவது இருந்தது. குளமும் இல்லாத மானாவாரிக்கு இப்பாடம் இருமடங்கு பொருந்தும்.

கடலுக்கு அப்பாலும் இதே முறையைக் காணலாம். தமிழகத்தின் இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களும் நம்மைப் போலவே வடகீழ்ப் பருவமழையை நம்பியவை. ஆனால் நம்மிலும் குறைந்த மழை பெறுபவை. அங்கும் மழைக்கு முன் புழுதியில் விதைக்கின்றனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் அந்நிலத்துக்கெனவே நெல்லினங்களைத் தெரிந்தெடுத்தது. 2009இல் வெளியான அண்ணா 4 என்னும் நெல் நூறு முதல் நூற்றைந்து நாளில் விளைவது, வறட்சியைத் தாங்குவது. நம்மிலும் குறைந்த மழையைக் கொண்டு அவர்கள் முயல்கின்றனர் என்றால், நாற்பது இலட்சம் லீற்றர் பெறும் நாம் வானத்தைக் குறைகூறுவது எங்ஙனம் பொருந்தும்?

இனி விதையைப்பற்றிச் சில சொற்கள். நம் நாட்டில் நெல்லாராய்ச்சிக்குத் தலைமை நிலையம் குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில் உள்ளது. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் வெளிவந்து நாடெங்கும் பரவிய எச் 4 என்னும் கலப்பு நெல்லின் பெற்றோரில் ஒன்று முருங்கைக்காயன். அத்தமிழ்ப் பெயரைக் கேட்கும்போது நம் பழைய விதைகள் வெறும் பழங்கதையல்ல, புதியனவற்றுக்குத் தாயாய் நின்றவை என்பது புலனாகும். இன்று வழங்கும் இனங்களின் எண்களே அவற்றின் வயதைச் சொல்லும். பீ.ஜீ. 300 மூன்று மாதத்தது, பீ.ஜீ. 352 மூன்றரை மாதத்தது. ஏ.ரீ. 354 மூன்றரை மாதத்ததோடு உவர்ப்பையும் ஓரளவு தாங்குவது. கடலோரத்து உவர் வயலுக்கு ஏற்றது. ஆனால் ஊரில் விதை தெரிவோர் பலர் வயதைக் கேட்பதில்லை. அயலான் வயலிற் சென்ற ஆண்டு நன்றாய் விளைந்ததா என்றே கேட்கின்றனர். அயலான் வயலுக்கு வாய்க்கால் நீர் பாய்ந்திருக்கலாம் என்பதை மறந்துவிடுகின்றனர்.

விதையின் அளவிலும் மிகை உண்டு. முளைதிறன் நன்றாயுள்ள விதை ஏக்கருக்கு இரண்டு புசல் போதும் என்பது விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு. மானாவாரியில் இதனிலும் மிகுதியாய் வீசுவோரே பலர். முளைக்காததற்கும் குருவிக்கும் எறும்புக்குமாகச் சேர்த்து எறிகின்றோம் என்பர். நிலம் மேடுபள்ளமாயும் விதை பதராயும் இருப்பதை அளவால் ஈடுசெய்யும் முயற்சியே இது. வீட்டில் ஓர் ஈரச்சாக்கில் நூறு விதையை முடிந்து வைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணிப் பார்த்தால் அம்மிகை தேவைப்படாது. விதை நெல்லோடு கலந்து வரும் பன்றி நெல்லையும் அப்போதே கண்டு விலக்கலாம். பயிரைப் போலவே முளைத்து, அறுவடைக்கு முன் உதிர்ந்து, அடுத்த ஆண்டும் முளைக்கும் அக்களையை வயலிற் புகுந்தபின் ஒழிப்பது மிக அரிது.

வரம்பும் மழைக்கு முந்திய வேலையே. மூன்று அங்குல வரம்பை ஆறு அங்குலமாக உயர்த்தினால், பெருமழையொன்றில் ஓடிப்போகும் நீரில் மேலும் எழுபத்தைந்து மில்லிமீற்றரை வயலில் நிறுத்தலாம். இடைவெயிலில் ஒரு வாரத்துக்கு மேல் பயிரைக் காக்க அது போதும். வக்கடை சீராயிருந்தால் வேண்டும்போது நிறுத்தவும் வேண்டாதபோது விடவும் முடியும். வடிச்சல் தூர்ந்து கிடந்தால் ஒருவன் வயல் மட்டுமன்று, வட்டை முழுவதும் மூழ்கும்.

மண்ணைப்பற்றி வள்ளுவர் உழவு அதிகாரத்திற் கூறியதை வகுப்பறையிற் பலமுறை விளக்கியிருக்கிறோம். ஒரு பலப் புழுதி காற்பலமாகும்வரை உழுது காயவிட்டால் ஒருபிடி எருவுமின்றி விளையும் என்பது அவர் கருத்து. உழுதலினும் எருவிடுதல் நன்று, களைகட்டியபின் நீர்பாய்ச்சுதலினும் காத்தல் நன்று என்றும் அடுத்து உரைத்தார். சித்திரையிற் பெய்யும் சிறுமழையோடு ஓர் உழவு உழுதுவிட்டால் களை முளைத்துக் காய்ந்து மடியும். மண்ணும் நீரை உறிஞ்சும் பதம்பெறும். ஆனால் நம் வயல்களில் அறுவடை முடிந்ததும் நடப்பது என்ன? வைக்கோலுக்குத் தீ மூட்டுகின்றோம். பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அவ்வைக்கோலிலேயே இருக்கின்றது. தழைச்சத்தும் கணிசமாக இருக்கின்றது. எரித்தால் தழைச்சத்துப் புகையாய்ப் போகும். எஞ்சிய சாம்பலை மாரிநீர் கொண்டுபோகும். 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு இறுதியிலேயே தளர்த்தப்பட்டது. அதனால் 2021-22 பெரும்போகத்தில் விளைவு பெரிதும் வீழ்ந்ததை எவரும் மறவார். சேதனப் பசளை ஒரே நாளில் ஆணையால் வருவதன்று, ஆண்டுதோறும் மண்ணுக்குத் திரும்பக் கொடுத்து வளர்ப்பது என்பதே அதிலிருந்து பெறும் படிப்பினை. யூரியாவும் வேண்டியதே; ஆனால் வறண்ட மண்ணில் ஒரேமுறை வீசப்பட்ட யூரியா காற்றோடு போகும். ஈரம் பட்டபின் பகுதி பகுதியாக இட்டாலே பயிருக்குச் சேரும்.

இவற்றுக்கு மறுப்புரை ஒன்று உண்டு. முந்தி விதைத்தபின் ஒரு தூறல் தூறி, பிறகு இரு வாரம் வெயில் எறித்தால் முளைத்த விதை கருகாதோ என்பர். கருகும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் விதை மேற்பரப்பிற் கிடவாது ஓரங்குலத்துக்கு மேல் மண்ணுள் மூடப்பட்டால் சிறு தூறலுக்கு அது விழிக்காது. மண் நனையும் மழைக்கே முளைக்கும். மூன்றில் ஒரு பங்கு விதையைக் கையிருப்பில் வைத்தலும் தக்கது. புழுதி விதைப்பிற் களை மிகுதி என்பதும் உண்மையே. அதனாலேயே சித்திரை உழவையும் விதைத் தூய்மையையும் வற்புறுத்துகிறேன். வரிசையாக விதைத்தால் களையெடுக்கும் கருவியும் உள்ளே செல்லும்.

இவையெல்லாம் உழவர் அறியாதனவா? பெரும்பாலும் அறிந்தனவே. பின் ஏன் நடப்பதில்லை? சித்திரையில் உழுபவனும், வைகாசியில் வரம்பு உயர்த்துபவனும், வைக்கோலை மடக்கி உழுபவனும் ஐப்பசியில் அவ்வயல் தன் கையில் இருக்கும் என்ற உறுதியுடையவனாதல் வேண்டும். நம் மானாவாரி வயல்களிற் பல ஒரு போகக் குத்தகைக்கு விடப்படுபவை. புரட்டாதியிற் பேச்சு முடிந்து, பணம் கைமாறி, ஐப்பசியில் உழவு இயந்திரம் தேடித் திரிந்து, கார்த்திகையில் விதைப்பவன் அடுத்த ஆண்டு அங்கிருப்பானோ என்பதை அறியான். அவன் எதற்காக வரம்பை உயர்த்துவான்? எவன் வயலுக்காக வைக்கோலை விட்டுச் செல்வான்? ஓராண்டுக்கு வந்தவன் ஓராண்டில் எடுக்கக்கூடியதை எடுத்துச் செல்கிறான். அவனிடத்தில் நாம் இருந்தாலும் அதையே செய்வோம்.

1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகை உழவனுக்கு நிலைத்த உரிமை தர முயன்றது. அவ்வுரிமை தங்களைப் பிணிக்கும் என்று அஞ்சிய காணிக்காரர் பலர், ஒருவனை நெடுங்காலம் வயலில் நிறுத்தாமலிருக்கவே வழி தேடினர். சட்டத்தின் நோக்கம் உழவனை நிலத்தோடு இணைப்பது. அச்சத்தின் விளைவோ அவனை ஆண்டுக்கொரு முறை மாற்றுவதாயிற்று. பின்னர் வந்த போர்க்காலத்தில் வயற்பக்கம் செல்லவே இயலாத ஆண்டுகள் பல கழிந்தன. 2009க்குப் பின் வயல் மீண்டது. வயலுக்கும் உடையவனுக்குமிடையே இருந்த உறவு முழுதாக மீளவில்லை.

இங்கேதான் இம்மலரைப் படிப்போரை நோக்கி ஒரு வேண்டுகோள். நம் பழைய மாணவரிற் பலர் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். தகப்பன் வழியாகவோ சீதனமாகவோ வந்த ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வயல் ஊரிற் கிடக்கின்றது. ஆண்டுக்கொரு முறை குத்தகைப் பணம் வந்துசேர்ந்ததா என்று மட்டும் விசாரிக்கின்றோம். அவ்வயலை ஒருவனுக்குத் தொடர்ந்து ஐந்தாண்டுக்காவது கொடுங்கள். எழுத்தில், சாட்சியோடு, இரு பக்கமும் அஞ்சாதபடி கொடுங்கள். வைக்கோலை எரிக்காமை, வரம்பைப் பேணுதல், சித்திரை உழவு ஆகியவற்றை அவ்வுடன்படிக்கையிற் சேருங்கள். அவற்றைச் செய்பவனுக்குக் குத்தகையிற் சிறிது குறையுங்கள். மழை பொய்த்த ஆண்டில் நட்டத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். முழு இடரையும் ஏழையின் தலையில் ஏற்றிவிட்டு அவனைத் துணிந்து முந்தி விதைக்கச் சொல்வது அறமாகாது.

இன்னொன்றும் உண்டு. முந்தி விதைத்தல் ஒருவனால் மட்டும் ஆகக்கூடியதன்று. வட்டையில் ஒருவன் முந்தி விதைத்து, ஏனையோர் மாட்டைத் திறந்துவிட்டால் அவன் முளையை மாடு மேயும். எல்லா ஊர்க் குருவியும் அவன் வயலிலேயே விழும். பருவ ஆரம்பக் கூட்டங்களில் நாள் குறிக்கப்படுகின்றது. அந்நாளுக்கு முன்னே விதையும் உழவு இயந்திரமும் வட்டைக்கு வந்துசேரவும் ஏற்பாடு வேண்டும். காரைதீவானின் வயலுக்கு அடுத்தது நிந்தவூரானின் வயல். தமிழன் வயலின் வடிச்சல் முஸ்லிம் வயலினூடே செல்லும், அவன் வயலின் வடிச்சல் இவன் வயலினூடே வரும். மழை ஆண்டவன் கையில் என்று நாமும் சொல்கிறோம், அவர்களும் சொல்கிறார்கள். ஒட்டகத்தை முதலிற் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்பை ஒப்புவிக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் அறிவுறுத்தியதாக நம் முஸ்லிம் நண்பர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். வரம்பைக் கட்டிவிட்டு வானத்தை நோக்குவதும் அதுவே. கூடி விதைக்கும் வட்டையில் மாட்டுக்கு ஒரே கட்டுப்பாடு, வடிச்சலுக்கு ஒரே சிரமதானம், விதைக்கு ஒரே களஞ்சியம் அமைதல் கூடும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் இந்நாட்டு நெல்விளைவு ஹெக்டேயருக்கு ஒன்றரைத் தொன் அளவினதாய் இருந்தது. இன்று நல்ல ஆண்டுகளில் நான்கு தொன்னைத் தாண்டுகின்றது. அவ்வளர்ச்சியிற் பெரும்பங்கு வாய்க்கால் வயலுக்கே உரியது. எஞ்சிய வளர்ச்சி மானாவாரியில் ஒளிந்து கிடக்கின்றது. அதை வெளிக்கொணர இன்னொரு சமுத்திரம் கட்டவேண்டுவதில்லை. ஐப்பசிக்கு முன்னே செய்யவேண்டிய வேலையைச் செய்ய உழவனுக்கு உறுதியான உரிமையும், அவ்வுரிமையைக் கொடுக்க நமக்கு மனமும் வேண்டும். வரும் சித்திரைக்குள் நம்மில் ஒரு சிலரேனும் தத்தம் வயல்மீது ஐந்தாண்டு உடன்படிக்கை எழுதுவராயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் கிட்டியதாகும்.